வேலை தேடி அலைந்த ராமானுஜன். 10 சமன்பாடுகளை அவிழ்த்தது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒரு கம்பெனி 10 வண்டி விடுது என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் 40 பேர், வேனில் 10 பேர். மொத்தம் 190 பேர். பஸ் எத்தனை, வேன் எத்தனை?

பள்ளியில் படித்த பிரதியிடல் முறைதான். பஸ் x என்றால் வேன் 10 - x. அதை இரண்டாவது சமன்பாட்டில் போட்டால் 40x + 10(10 - x) = 190. அதாவது 30x = 90. பஸ் 3, வேன் 7. முடிஞ்சுது.

ஆனால் தெரியாத எண்கள் 10 இருந்தால்?

டிகிரி இல்லாத இளைஞர்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனம் ஒட்டவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1909-ல் ஜானகியுடன் திருமணம். கையில் டிகிரியும் இல்லை, வேலையும் இல்லை. நோட்டுப் புத்தகம்தான் பயோடேட்டா.

1910-ல் திருக்கோவிலூர் போய், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி.ராமசாமி ஐயரைப் பார்த்தார். பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவின் உதவி கிடைத்தது. இன்று சென்னையிலிருந்து பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகப் போகிற ரயில் பாதைதான் நெல்லூருக்கும் போகிறது. ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். ஆனால், சும்மா வாங்கிக்கொண்டிருக்க ராமானுஜனுக்கு மனசு வரவில்லை. 1912 மார்ச்சில் சென்னை துறைமுகத்தில் கிளார்க் ஆனார். சம்பளம் 30 ரூபாய்.

அந்த 10 சமன்பாடுகள்

அதே 1912-ல் கழகத்தின் இதழில் அவருடைய சின்னக் கட்டுரை ஒன்று வந்தது. அதில் 10 சமன்பாடுகள், தெரியாத எண்களும் 10. முதல் சமன்பாட்டின் விடை 2, கடைசி சமன்பாட்டின் விடை 11595. தெரியாத எண்கள் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு, அடுக்கு மேல் அடுக்காக ஏறும். நேரடியாகப் பிரதியிட்டால் கணக்கு கைமீறிப் போய்விடும்.

ராமானுஜன் சுற்றுவழியில் போனார். எல்லா விடைகளையும் ஒரே பின்னத்துக்குள் அடக்கினார். அந்தப் பின்னத்தின் கீழ்ப்பகுதியைக் கண்டுபிடிக்க நேரியல் சமன்பாடுகளே போதும். கிடைத்த எண்களை அப்படியே பிரதியிட்டால் மேல்பகுதியும் வந்துவிடும். பின்னத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தால் 10 எண்களும் கையில். சிக்கலை, நம்ம பஸ்-வேன் கணக்கு மாதிரி நேரியல் கணக்காக மாற்றியதுதான் சூட்சுமம்.

1913-ல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம், 1914-ல் கப்பல் பயணம், 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெலோ. 1919-ல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32தான்.

எஃப்.ஏ. தேறாதவரின் கணக்கை நம்பி அச்சிட ஒரு இதழ் இருந்தது. அதுவும் இந்தக் கதையில் முக்கியம்.