தானியேல் பூனும் காட்டுக் கோட்டையும்

புகழ் எய்துதல் அரிது. எய்திய புகழைப் பழுதின்றிக் காத்தல் அதனினும் அரிது. உடனிருந்தோரே ஐயுற்ற காலத்தும் உள்ளந் தளராது கடமையாற்றிய ஒருவரது வரலாறு நம்மனோர்க்குப் பெரிதும் பயன்படுவதாம். அத்தகையாருள் ஒருவர், அமெரிக்க நாட்டு மேலைக் காடுகளிற் புகுந்து கோட்டை சமைத்த தானியேல் பூன் என்பார்.

இவர் 1734-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில், குவேக்கர் சபையைச் சார்ந்த பெற்றோர்க்குப் பிறந்தார். பள்ளிக் கல்வி இவர்க்கு மிகுதியாக வாய்த்திலது. வனமும் வேட்டையுமே ஆசிரியராயின. பின்னர் இவர் குடும்பத்தார் வட கரோலினாவிற் குடியேறினர். 1756-இல் ரெபெக்காள் என்னும் நங்கையை மணந்து, பதின்மர் மக்களைப் பெற்றார். 1769-இல் தோழர் சிலருடன் கம்பர்லாந்துக் கணவாயைக் கடந்து கென்டக்கி நாட்டிற் புகுந்தார். 1773-இல் ஆங்குக் குடியேற முயன்றபொழுது, மூத்த மகன் ஜேம்ஸ் செவ்விந்தியரால் கொல்லப்பட்டான். அத்துயரும் இவரது முயற்சியை ஒழிக்கவில்லை.

1775-இல் ரிச்சர்டு ஹெண்டர்சன் என்பவர் செரோக்கியரிடமிருந்து பெருநிலப் பரப்பொன்றை விலைக்கு வாங்கினார். அதற்கு வழி அமைக்கும் பணி பூனிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் ஏறத்தாழ முப்பதின்மருடன் காடு வெட்டிப் பாதை திருத்திச் சென்று, கென்டக்கி ஆற்றின் தென்கரையில் தங்கினார். ஆண்டு எழுந்ததே பூன்ஸ்பரோக் கோட்டை. கோட்டை என்றவுடன் நம் நாட்டுக் கருங்கல் மதிலையும் அகழியையும் எண்ணற்க. மரத்தடிகளை அடுக்கிய குடில்கள் நாற்புறமும் வரிசையாய் நிற்ப, இடைவெளிகளைக் கூர்மரவேலி அடைத்து நின்றது, அவ்வளவே. அந்நிலத்தைத் தம் வேட்டைக் காடாகக் கொண்டிருந்த ஷானியர் அவ்விற்பனைக்கு இசைந்தவரல்லர். பின்வந்த போர்களுக்கு இஃதொரு பெருங்காரணமாம்.

1776 ஜூலையில் பூனின் மகள் ஜெமீமாவும் வேறிரு சிறுமியரும் ஆற்றிற் படகில் இருக்கையிற் கவர்ந்து செல்லப்பட்டனர். பூன் அடிச்சுவடு பற்றித் தொடர்ந்து சென்று மூன்றாம் நாளில் அவர்களை மீட்டார்.

ஆயினும் கடுஞ்சோதனை 1778-இல் வந்தது. பிப்ரவரித் திங்களில் உப்புக் காய்ச்சச் சென்றவிடத்துப் பூன் ஷானியர் கையில் அகப்பட்டார். பகைவர் பெரும்படையுடன் கோட்டை நோக்கிச் செல்வதையும், கோட்டை காவல் குன்றியிருப்பதையும் அவர் அறிந்தார். ஆதலின் தம்முடன் இருந்தாரையெல்லாம் சரணடையச் செய்து படையெடுப்பை அப்போதைக்குத் தடுத்தார். கருமீன் எனப் பொருள்படும் பெயருடைய ஷானியர் தலைவர் அவரைத் தம் மகனாக ஏற்று அன்புடன் நடத்தினார். எனினும் கோட்டைமேற் படை செல்லவிருப்பதை அறிந்த பூன், ஜூன் திங்களில் தப்பி, ஏறத்தாழ 160 மைல் தொலைவை நான்கே நாளிற் கடந்து வந்தார். அவர் இறந்துபட்டார் என்றெண்ணி மனைவி வட கரோலினாவுக்கு மீண்டிருந்தார். மகள் ஜெமீமா மட்டுமே கோட்டையில் எதிர்கொண்டாள்.

செப்டம்பரில், முன்னர் மகனாக ஏற்ற தலைவரே நானூற்றுவர்க்கு மேற்பட்ட வீரருடன் வந்து வளைந்தார். உள்ளிருந்து பொருதவரோ நூற்றுக்கும் மிகக் குறைந்தவர். சமாதானப் பேச்சு கைகலப்பில் முடிந்தது. பகைவர் ஆற்றங்கரையிலிருந்து சுரங்கம் அகழ்ந்தனர். பெருமழையால் அது இடிந்து வீழ்ந்தது. முற்றுகை நீங்கிற்று.

கோட்டையைக் காத்தவர்க்குக் கிடைத்த பரிசு யாது? தோழரைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுத்தார் என்னும் குற்றச்சாட்டே! படை நீதிமன்றம் ஆராய்ந்து, அவர் குற்றமற்றவரெனத் தீர்த்து, மேஜர் பதவிக்கும் உயர்த்தியது. ஆயினும் அவர் அக்கோட்டையை விட்டகன்று 1779-இல் வேறோரிடத்திற் குடியமைத்தார். 1782-இல் புளூ லிக்ஸ் போரில் மற்றொரு மகன் இஸ்ரவேலையும் இழந்தார். அவர் பெற்ற நிலங்களும் உரிமைப் பத்திரங்களின் குறையால் கைநழுவின. 1799-இல் மிசௌரிக்குப் பெயர்ந்து, 1820 செப்டம்பர் 26-ஆம் நாள் தம் 85-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

மரத்தாலாய அக்கோட்டை நாளடைவில் அழிந்தொழிந்தது. இன்று காண்போர்க்கு, அருகிலுள்ள மேட்டு நிலத்தில் 1974-இல் அதனைப்போற் புதிதாக அமைக்கப்பெற்ற கோட்டையே காட்சியளிக்கின்றது.

மாணவ நண்பர்காள்! பிறர்க்கு வழி திறந்தவர் தமக்கென நிலமின்றி மாண்டார். அவர் திறந்த வழியால், வழிவழியாக ஆங்கு வேட்டையாடியோர் தம் காட்டை இழந்தனர். இவ்விரு பக்கமும் நோக்கியே அவர் வரலாற்றைப் பயிலுதல் வேண்டும். பழிச்சொல்லுக்கு அஞ்சாது, தக்கதெனக் கண்டதைச் செய்து, விசாரணைக்கும் அமைந்து நின்ற அவரது திண்மையோ நாம் கொள்ளத்தக்கதாம்.