குடிநோயாளியே தொடங்கிய மீட்புக் குழு... யார் இந்த பில் வில்சன்?

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒருத்தர் குடியை விட நினைத்தால், முதல்ல யார்கிட்ட பேசுவது? இந்தக் கேள்விக்கு 1935-லேயே ஒரு பதில் கிடைத்தது. கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, குடிநோயாளி.

அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் 1895-ல் பிறந்தவர் பில் வில்சன். முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரி, பிறகு பங்குச்சந்தை வேலை. குடியால எல்லாம் போச்சு. 1934 டிசம்பரில், நியூயார்க் மருத்துவமனையில் நாலாவது முறை சேர்ந்தபோதுதான் குடியை நிறுத்தினார்.

அஞ்சே மாசம். ஆக்ரன் நகரில் போன காரியம் ஊத்திக்கிச்சு. ஓட்டல் லாபியில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் போன். போனை எடுத்தார். பாதிரியார் ஒருவரிடம் பேசி, தன்னைப் போலவே குடியோடு போராடும் ஒருவரைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்னு வந்த டாக்டர், பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். காரணம், பில் அறிவுரை சொல்லல. தன் கதையைத்தான் சொன்னார்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது இப்படித்தான். கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டாம். குடும்பத்தினருக்காக மனைவி லோயிஸ் 1951-ல் அல்-அனான் தொடங்கினார். (அதிகம் அழுவது அவங்கதானே!)

1971 ஜனவரியில் பில் இறந்தார். உயிரைப் பறித்தது குடியல்ல, சிகரெட்டால் கெட்ட நுரையீரல். அதே ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, அல்லது 104-ஐ அழைக்கலாம். தினமும் குடிப்பவர் திடீர்னு நிறுத்தினால் வலிப்பு வரலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காட்டிட்டு, அப்புறம் கூட்டத்துக்குப் போங்க.