கல்லறையில் எழுத்தறிந்த மங்கை

அச்சச்சுவை மிக்க புதினங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் பெயரும் உடன் எழும். அப்பெயரைக் கேட்ட அளவிலேயே, தைத்த நெற்றியும் கழுத்தில் ஆணியுமாகத் தள்ளாடி நடக்கும் ஓர் உருவம் நம் மாணவர் பலரின் மனக்கண்ணில் தோன்றுகிறது. அவ்வுருவம் 1931ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் நமக்குத் தந்தது. நூலிலோ அவ்வுயிருக்குப் பெயரே இல்லை. பிராங்கன்ஸ்டைன் என்பது அதனைப் படைத்துவிட்டு அஞ்சி ஓடிய மாணவனின் பெயராகும். அந்நூலை எழுதத் தொடங்கியபோது அதன் ஆசிரியருக்கு வயது பதினெட்டு. நம் கல்லூரி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவியரின் வயதுதான் அது.

மேரி ஷெல்லி அம்மையார் 1797ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் காட்வின், அரசியல் சிந்தனையாளர். தாயார் மேரி வுல்ஸ்டன்கிராப்ட், பெண்களின் உரிமைகளை நிலைநாட்டி 1792இல் நூல் யாத்த பெருமாட்டி. மகளைப் பெற்ற பதினோராம் நாளே தாயார் பேறுகாலக் காய்ச்சலால் மறைந்தார். புனித பாங்கிராஸ் தேவாலய வளாகத்தில் அமைந்த தாயின் கல்லறைக்குத் தந்தை மகளை அழைத்துச் செல்வார் என்றும், அக்கல்லில் பொறித்திருந்த பெயரை விரலால் தடவியே குழந்தை எழுத்துகளை அறிந்தது என்றும் கூறுவர். தாயின் பெயரும் மகளின் பெயரும் ஒன்றே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

காட்வின் 1801இல் மறுமணம் புரிந்தார். சிற்றன்னைக்கும் மேரிக்கும் ஒத்துப்போகவில்லை. முறையான பள்ளிக் கல்வி மிகுதியாகக் கிட்டவில்லையெனினும், தந்தையின் நூலகமும், அவரைக் காணவந்த புலவர்களின் உரையாடலுமே மகளுக்குக் கல்விக்கூடமாயின. அவ்வீட்டிற்கு வந்து போனவருள் ஒருவர் பெர்சி ஷெல்லி என்னும் இளங்கவிஞர், ஏற்கெனவே மணமானவர். 1814ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மேரி அவருடன் வீட்டைவிட்டு வெளியேறினார். இச்செயலை நாம் போற்றவில்லை. ஆயின் அதற்காக அவர் செலுத்திய விலையையும் நாம் மறைத்தல் ஆகாது. புரட்சிக் கருத்துகளை எழுதிப் புகழ்பெற்ற தந்தையே மகளின் முகம் பார்க்க மறுத்துவிட்டார். 1815 பிப்ரவரியில் குறைமாதத்தில் பிறந்த முதல் மகவு இரு வாரங்களிலேயே இறந்தது. அதன்பின் ஒருநாள், குளிர்ந்துபோன அக்குழவியைக் கணப்பின் முன் தேய்த்துவிட அது உயிர்பெற்றதாகத் தாம் கண்ட கனவை மேரி தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இறந்த உடலுக்கு உயிரூட்டும் கதை ஒன்று அடுத்த ஆண்டில் அவரிடமிருந்து பிறந்தமைக்கு விளக்கம் தேடி வேறெங்கும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

அந்த அடுத்த ஆண்டு பற்றிச் சிறிது விரித்துரைப்போம். 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவைச் சார்ந்த சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. தம்போரா, பெக்காத் என்னும் இரு சிற்றரசுகள் தடமின்றி அழிந்தன, பல்லாயிரவர் மாண்டனர். வானில் பரவிய நுண்துகள்கள் கதிரவனின் வெப்பத்தைக் குறைத்தன. 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கோடையற்ற ஆண்டாயிற்று. பயிர்கள் பொய்த்துப் பஞ்சம் பரவியது. கீழ்த்திசைத் தீவொன்றின் பேரழிவே தங்கள் வானை இருளச் செய்தது என்பதை அன்று ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த மேரியும் ஷெல்லியும் அறியார். ஓயாத மழையால் அவர்கள் பைரன் பிரபுவின் தியோதாத்தி மாளிகையில் கூடி, பிரெஞ்சு மொழியில் பெயர்க்கப்பட்ட ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் படித்துப் பொழுதுபோக்கினர். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். பெருங்கவிஞர் இருவரும் தொடங்கியதை முடிக்கவில்லை. பைரனின் மருத்துவராக வந்திருந்த பாலிடோரி எழுதியது இரத்தம் குடிக்கும் பேயின் கதை. 1819இல் அது பைரனின் பெயராலேயே வெளிவந்தது பாவம் அவர் ஊழ். மேரிக்கோ நாள்கள் சில கழிந்தும் கருப்பொருள் வாய்க்கவில்லை. மின்னாற்றலால் உயிரற்ற தசை துடிப்பது பற்றி இரவில் நிகழ்ந்த உரையாடலைக் கேட்டிருந்து, உறக்கம் வாராது கிடந்தபோது, தான் படைத்ததன் அருகே அஞ்சி நிற்கும் மாணவன் அவர்தம் அகக்கண்ணில் தோன்றினான்.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் தெய்வம், விலங்கு, கள்வர், இறைவன் என நான்கினைக் கூறினார். மேரி காட்டும் அச்சம் இந்நான்கினுள் எளிதில் அடங்குவதன்று. விக்டர் அஞ்சுவது தன் கைகளால் தானே ஆக்கியதனை. அப்படைப்பு தோன்றிய நாளில் தீயதன்று. காட்டுக் குடில் ஒன்றின் சுவருக்கு மறைவில் நின்று, உள்ளே நடக்கும் பாடத்தைக் கேட்டே மொழி கற்கிறது. மில்டனையும் புளூட்டார்க்கையும் படிக்கிறது. விழியற்ற முதியவர் மட்டுமே அதனிடம் அன்பாகப் பேசுகிறார். கண்ணுள்ளோர் கண்டதும் அடித்து விரட்டுகின்றனர். கொலைகள் யாவும் அதற்குப் பின்னரே தொடங்குகின்றன. பேரறிஞர்கள் பலர் இந்நூலை அறிவியலின் செருக்கைக் கண்டிக்கும் நூல் என்பர். நமக்கோ, இஃது ஏற்பாரின்றி விடப்பட்ட பிள்ளையின் முறையீடாகவே படுகிறது.

அக்குடிலில் பாடம் கேட்பவள் சாஃபி என்னும் பெண். துருக்கிய வணிகர் ஒருவரின் மகள். அவள் கதையைக் கூறுமிடத்து, இசுலாம் பெண்களுக்குக் கல்வியை மறுப்பதாக மேரி எழுதிச் செல்கிறார். அன்றைய ஐரோப்பாவில் வழங்கிய பிழையான எண்ணம் அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்து, நபித்தோழர்களுக்கே ஆசானாக விளங்கிய அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை அவர் அறிந்திருப்பின் அவ்வரிகள் வேறாக அமைந்திருக்கும். இக்குறையைச் சுட்டியே நூலை நம் மாணவியர் படித்தல் வேண்டும். குறை கண்டமைக்காகப் படிக்காது விடுதல் வேண்டா.

ஷெல்லியின் முதல் மனைவி இறந்தபின், 1816 திசம்பர் 30ஆம் நாள் மேரியும் ஷெல்லியும் மணந்தனர். நூல் 1818 ஜனவரி முதல் நாள் மூன்று தொகுதிகளாக, ஐந்நூறு படிகளே அச்சாகி, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் ஷெல்லி. எனவே நூலும் அவருடையதே எனப் பலர் கருதினர். வால்டர் ஸ்காட்டும் அவ்வாறே எண்ணிப் பாராட்டி மதிப்புரை வரைந்தார். எழுதியது தாமே என்று மேரி அவருக்கு மடல் எழுத நேர்ந்தது. ஐயம் அத்துடன் தீர்ந்தபாடில்லை. ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் உள்ள கைப்படிகளில் மேரியின் கையெழுத்தும், இடையிடையே ஷெல்லி செய்த திருத்தங்களும் தெளிவாகக் காணப்படுகின்றன. அவர் சேர்த்தவை சில ஆயிரம் சொற்கள். கணவர் திருத்தித் தந்த நூல் மனைவியின் நூலாகாது எனின், நண்பர் திருத்திய ஆடவர் நூல்களை யார் பெயரில் எழுதுவது என்று கேட்கத் தோன்றுகிறது.

இத்தாலியில் 1818இல் மகள் கிளாராவும், 1819இல் மகன் வில்லியமும் இறந்தனர். 1822 ஜூலை 8ஆம் நாள் ஷெல்லி படகு கவிழ்ந்து கடலில் மாண்டார். இருபத்து நான்கு வயதில் கைம்பெண்ணாகி, எஞ்சிய ஒரே மகனுடன் 1823இல் இலண்டன் திரும்பியபோது, தம் கதை நாடகமாக அரங்கேறியிருப்பதைக் கண்டார். நடிகர் பட்டியலில் அவ்வுயிரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்கோடு இடப்பட்டிருந்தது. அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாமனார் சர் திமோதி பேரனுக்கென ஒரு சிறுதொகை அளித்தார்; அதுவும் பின்னர்த் திருப்பித் தரவேண்டிய கடனாகவே. ஷெல்லியின் வாழ்க்கை வரலாற்றை எழுதலாகாது என்பது கட்டளை. மேரி 1824இல் வெளியிட்ட கணவரின் கவிதைத் தொகுப்பும் திரும்பப் பெறப்பட்டது. அவர் சளைக்கவில்லை. கொள்ளைநோயால் மாந்தர் இனமே அழிந்து ஒருவன் மட்டும் எஞ்சுவதாக 1826இல் 'கடைசி மனிதன்' என்னும் புதினத்தை எழுதினார். அன்று அதனை விரும்பினார் சிலரே. கலைக்களஞ்சியத் தொகுதிகளுக்கு அறிஞர் வரலாறுகளை எழுதிக் கொடுத்து மகனைப் படிக்க வைத்தார். 1839இல் ஷெல்லியின் கவிதைகளைப் பதிப்பித்தபோது, வரலாறு எழுதத் தடை இருந்தமையால், ஒவ்வொரு காலத்துக் கவிதைகளுக்கும் குறிப்புரை எழுதினார். அக்குறிப்புகளை ஒருசேரப் படிப்போர் கவிஞரின் வரலாற்றையே படித்தவராவர். தடை மீறப்படவும் இல்லை. வரலாறு மறைக்கப்படவும் இல்லை.

1851 பிப்ரவரி முதல் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில், இலண்டனில் மறைந்தார். ஓராண்டு கழித்து அவருடைய எழுதுபெட்டியைத் திறந்தபோது, இறந்த குழந்தைகளின் முடிக்கற்றைகளும், பட்டில் பொதிந்த கணவரின் சாம்பலும் இருந்தன. உடல் பூர்ன்மத் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. புனித பாங்கிராசிலிருந்து தாய் தந்தையரின் எச்சங்களும் அங்கேயே கொண்டுவரப்பட்டு அவர்தம் அருகில் வைக்கப்பட்டுள்ளன.