காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த காலத்தை எழுதி வைத்த வியாபாரி: யார் இந்த ஆனந்தரங்கப் பிள்ளை?

காரைக்கால் கோவில்பத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்துல தமிழ்நாடு வந்துடும். ஆனாலும் ஊர் புதுச்சேரி நிர்வாகத்தில்தான். 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதே காரணம். அந்தக் காலத்தைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதியவர் ஒரு வியாபாரி: ஆனந்தரங்கப் பிள்ளை.

1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். துணி வியாபாரம், பரங்கிப்பேட்டையில் கம்பெனி வேலை, சொந்தக் கப்பல் என்று வளர்ந்தார். கவர்னர் துய்ப்ளேக்ஸ் 1747-ல் அவரைத் தலைமைத் துபாஷி ஆக்கினார். துபாஷின்னா வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. கம்பெனிக்குச் சரக்கு பிடிச்சுக் கொடுக்கணும், உள்ளூர் வணிகர்களைச் சமாளிக்கணும், நவாபுகளின் தூதர்களோடும் பேசணும்.

லாபம் அதிகம், ஆபத்தும் அதிகம். இதே பதவியில் இருந்த அவருடைய மாமா நைனியப்பப் பிள்ளை 1716-ல் கைதானார். சொத்து பறிபோய், மறுவருடம் சிறையிலேயே இறந்தார். தவறு செய்யவில்லை என்று பாரிஸ் ஒப்புக்கொண்டது அதற்கு அப்புறம்தான்!

அது தெரிந்தும் மருமகன் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். துய்ப்ளேக்ஸின் மனைவிக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1754-ல் துய்ப்ளேக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். இரண்டே வருடத்தில் பிள்ளையின் பதவியும் போனது.

1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழச் சில நாட்களே இருக்கும்போது இறந்தார். 1736-ல் தொடங்கிய அந்த நாட்குறிப்பு, வெளியுலகுக்குத் தெரியவந்தது 1846-ல்தான். கணக்கு வழக்கோடு ஊர் வம்பும் அதில் இருக்கு.