நான் அழித்த இலக்கமும் ரெனோல்ட்ஸின் தண்ணீர்த் தொட்டியும்

பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம் படித்தபோது, செய்முறைக் கொப்பியில் ஒரு இலக்கத்தை அழித்துவிட்டு வேறொன்றை எழுதினேன். கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் மை விட்டு, நூல்போல ஓடும் அந்தக் கோடு எப்போது கலைகிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. பக்கத்து அறைப் பம்பி நின்றிருந்த மதிய இடைவேளையில் செய்ததாலோ என்னவோ, 5,000 வரை எனக்குக் கோடு கலையவில்லை. கைநூலில் இருந்த 2,300ஐ எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

அந்தப் பரிசோதனைக்குச் சொந்தக்காரரான ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸைப் பற்றிப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

1842இல் பெல்பாஸ்டில் பிறந்தவர். இயந்திரப் பட்டறையில் வேலை பழகிவிட்டே கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கப் போனார். 1868இல், 25 வயதில், மன்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியரானார். பதவி கிடைத்தது, ஆய்வுகூடம் கிடைக்கவில்லை. பழைய வீடொன்றின் குதிரை லாயத்தில்தான் வகுப்புகள். பின்னாளில் இலத்திரனைக் கண்டறிந்த ஜே.ஜே. தொம்சன் அங்கே அவரிடம் படித்தவர். சிலைட் றூலில் மூன்றை நான்கால் பெருக்கிக் காட்டிய பேராசிரியர், விடை 11.8 என வந்ததும் அதுவே போதுமென்று விட்டுவிட்டாராம்.

ஆனால் தன் தொட்டியிடம் அவர் அப்படி நடந்துகொள்ளவில்லை. 1883இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஆறடி நீளத் தொட்டியை நிரப்பி, தண்ணீர் அசைவற்று அடங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருந்தார். வேகம், குழாயின் விட்டம், அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பிசுக்குமையால் வகுத்தால் வரும் எண்ணே ஓட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கிறது என்று கண்டார். சுமார் 2,000க்குக் கீழே, கலங்கிய நீரும் அடங்கிவிடும். அதற்கு மேலே எல்லாம் அமைதியைப் பொறுத்தது. அவரது தொட்டியில் கோடு 13,000 அளவுவரை கலையாமல் நின்றது.

ஒழுங்கான ஆய்வுகூடம் அமைய இருபது வருடங்கள் பிடித்தன. 1888இல் அங்கே மும்மடி விரிவு நீராவி இயந்திரம் வந்தது. மாணவர் பயிற்சிக்கான அதே இயந்திரத்தைக் கொண்டு, தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்கி, வெப்பத்தின் பொறிமுறைச் சமவலுவை அளந்தார். யூல் அளந்தபோது வெப்பநிலை மிகச் சிறிதளவே உயர்ந்திருந்தது.

1905இல் ஓய்வுபெற்று, 1912இல் காலமானார். ரெனோல்ட்ஸ் எண் என்ற பெயர் 1908இல்தான் வந்தது.

அந்தத் தொட்டி மன்செஸ்டரில் இன்னும் இருக்கிறது. பிற்காலத்தில் அதிலேயே பரிசோதனையை மறுபடி செய்தவர்களால் 13,000ஐ எட்ட முடியவில்லை. வெளியே வீதியில் ஓடிய வாகனங்களின் அதிர்வுதான் காரணம்.

என் கொப்பியில் இன்றும் 2,300தான் இருக்கிறது. பக்கத்தைச் சரித்துப் பிடித்தால் 5,000இன் தடம் தெரியும்.