நாய்க்குட்டியைக் கப்பலில் கொண்டு வந்தவர்

லீ டங்கன் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா விட்டுட்டுப் போயிட்டார். வளர்க்க வழியில்லாமல் அம்மா அவரை அநாதை இல்லத்தில் சேர்த்தார். சில வருடம் கழித்துத்தான் திரும்ப அழைத்துப் போனார்.

முதல் உலகப் போரில் டங்கன் சிப்பாயாகப் பிரான்ஸ் நாட்டுக்குப் போனார். 1918 செப்டம்பரில் ஃபிளிரே என்ற ஊரில், குண்டு விழுந்து இடிந்த நாய்க் கொட்டகையைப் பார்த்தார். உள்ளே ஒரு தாய் நாயும், பிறந்து சில நாளே ஆன 5 குட்டிகளும் உயிரோடு இருந்தன. எல்லாவற்றையும் தூக்கிட்டு வந்துட்டார். மற்றதை அடுத்தவர்களுக்குக் கொடுத்து, 2 குட்டிகளைத் தானே வளர்த்தார். ரின் டின் டின், நானெட் என்று பேர் வைத்தார். அவை பிரான்ஸில் ராசிக்காக வைத்துக்கொள்ளும் குட்டிப் பொம்மைகளின் பேர்.

போர் முடிந்ததும் கப்பலில் இரண்டையும் கொண்டு வந்தார். நியூயார்க் வந்ததும் நானெட் நோய் வந்து செத்துப்போச்சு. ரின் டின் டின் பிழைத்தது. அதுக்கு டங்கன் பொறுமையாகப் பழக்கினார். அது சினிமாவில் நடித்து உலகமெல்லாம் புகழ் பெற்றது. 1932-ல் இறந்தது. டங்கன் 1960-ல் காலமானார்.

தாயைப் பிரிந்து தவித்தவருக்குத்தான் அந்தக் குட்டிகளோட கஷ்டம் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோணுது. தோழிகளே, தெருவில் கத்தும் குட்டியைக் கல்லால் அடிக்காதீங்க. ஒரு கை சோறு வைங்க.