செயின்ட் ஹெலினாவில் ஒரு ஜூலு ராஜா!

நெப்போலியனை அடைச்சுவெச்ச செயின்ட் ஹெலினா தீவு தெரியும்ல? அதே தீவுக்கு ஒரு ஜூலு மன்னரையும் நாடு கடத்தினாங்க. அவர்தான் டினுஜூலு.

1884-ல் அப்பா செட்ஸ்வாயோ இறந்தப்போ, இவர் டீன் ஏஜ் பையன். போட்டித் தலைவர் சிபெபுவை வீழ்த்த, வெள்ளைக்கார போயர்களின் உதவியைக் கேட்டார். ஜெயிச்சார். ஆனா, அதுக்கு விலையா பெரும் நிலப்பரப்பு போயர்கள் கைக்குப் போச்சு. மிச்சத்தை 1887-ல் பிரிட்டன் எடுத்துக்கிட்டது. எதிர்த்து நின்னவருக்குக் கிடைச்சது தேசத்துரோகப் பட்டமும் தீவு வாசமும்தான்.

அங்கே எழுதப் படிக்கவும் பியானோ வாசிக்கவும் கத்துக்கிட்டார். 1898-ல் ஊர் திரும்பினா, அரசு அவரை மன்னரா ஏத்துக்கலை. சம்பளம் வாங்குற ஒரு தலைவர், அவ்வளவுதான். மக்களுக்கோ அவர்தான் ராஜா!

1906-ல் தலைவரியை எதிர்த்து பம்பாத்தா கிளர்ச்சி வெடிச்சது. பம்பாத்தாவின் மனைவி, பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார் டினுஜூலு. 4 ஆண்டு சிறை!

1910-ல் அவரை விடுவிச்சவர், தென்னாப்பிரிக்காவின் முதல் பிரதமர் லூயி போத்தா. 1884-ல் டினுஜூலு பக்கம் நின்ன போயர்களில் அவரும் ஒருவர். ஆனா, ஊருக்குப் போக மட்டும் அனுமதி கிடைக்கலை. டிரான்ஸ்வால் பண்ணை ஒன்றில், 1913-ல் இறந்தார்.

யோசிச்சுப் பாருங்க... உயிரோட இருந்தப்போ விடாத மண்ணுக்கு, இறந்த பிறகுதான் அவரால திரும்ப முடிஞ்சது.